மணிலா பயிரிட்டவர் மகனுக்கு

இன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன். ஆங்கில ஆசிரியன் அன்றைக்கு ஒரு நாளாவது கோட்டு போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்பது தலைமையாசிரியரின் உத்தரவு. என் மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்து உதறினாள். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அறை முழுக்க அடித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கொல்லைப்பக்கம் வீசினேன். "இன்ஸ்பெக்டரு வர்ற நேரத்துல இன்னாத்துக்கு இப்ப பேஜாரு பண்றீங்க?" என்றாள். வெறும் சட்டையோடு போனேன். தலைமையாசிரியர் முறைத்தார். முறைக்கட்டும்.

உனக்குக் காரணம் தெரியும். அந்த வாசனையைப் பற்றி நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒரே ஆள் நீ. அதனால்தான் இன்ஸ்பெக்டர் போனதும், ஆளில்லாத வகுப்பறையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ போய்ப் பத்து வருஷம் தாண்டிவிட்டது. இது துக்கத்தில் எழுதுகிற கடிதம் இல்லை. துக்கம் எப்போதோ பழசாகிவிட்டது. கோபம்தான் நேற்று வந்தது போல இருக்கிறது. போன வாரம் உன் வீட்டில் ஒன்று நடந்தது. அதை உனக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் பழசையும் சொல்லிக்கொள்கிறேன். நீ மறந்திருப்பாய் என்பதற்காக இல்லை. எனக்குக் கோபம் முதலிலிருந்து ஒழுங்காக வர வேண்டும்.

ஒலக்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் நம் ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டியவர்கள் நீயும் நானும்தான். திண்டிவனத்தில் எல்லாவற்றையும் தமிழில் படித்தோம். கணக்கில் நீ புலி. வாத்தியார் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் நீ விடையைச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பாய். பிறகு பி.யூ.சி.க்கு வெளியூர்க் காலேஜில் சேர்ந்தோம். முதல் நாள் கணக்கு வகுப்பில் நீ என் காதோரம் குனிந்து, "இவரு எப்படா கணக்குக்கு வருவாரு?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? அவர் அரை மணி நேரமாகக் கணக்குத்தான் நடத்திக்கொண்டிருந்தார். அத்தனையும் இங்கிலீஷில். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நீயும் சிரித்தாய். அந்த வருஷத்தில் நாம் சிரித்தது அதற்கப்புறம் அதிகம் இல்லை.

மார்ச் பரீட்சையில் இரண்டு பேரும் இங்கிலீஷில் கோட்டை விட்டோம். மற்ற பாடமெல்லாம் பாஸ். செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்றார்கள். பெயில் என்ற வார்த்தையை ஊரில் சொல்ல உன் நைனாவுக்கு நா எழவில்லை. யாராவது, "பையன் இப்ப இன்னா படிக்கிறான்?" என்று கேட்டால், "செப்டம்பர் படிக்கிறான்" என்பார். கேட்டவர்களும், அது பி.யூ.சி.க்கு மேலே ஏதோ பெரிய படிப்பு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் உன் பேருக்குப் பின்னால் செப்டம்பர் என்று போட்டுவிடப் போகிறார்கள் என்று நான் கிண்டல் செய்தேன். உனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டுமோ என்னவோ, பதினெட்டு வயதில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்?

செப்டம்பருக்காகத்தான் விழுப்புரம் போனோம். ரயிலடிக்குப் பின்னால் இருந்த அந்த டுட்டோரியல் காலேஜ். காலையில் ஒலக்கூரில் பாசஞ்சர் பிடித்து, விழுப்புரத்தில் இறங்கி, சாயங்காலம் அதே வழியில் திரும்புவோம். அங்கே இருந்தவர்கள் எல்லாருமே நம்மைப் போல மார்ச்சில் விழுந்தவர்கள். மரக்காணத்துக் கரையோரக் குப்பத்திலிருந்து ஒருவன் வருவான், கடலுக்குப் பயப்படாதவன், டெஸ்ட் என்றால் வாசலில் வாந்தி எடுப்பான். பனமலைக்காரன் நகத்தைக் கடித்துக் கடித்து விரல் முனையில் ரத்தம் கட்டியிருக்கும். எனக்குத் தூக்கம் போயிருந்தது. யாராவது கேட்டால் எல்லாருமே வயிறு சரியில்லை என்போம். மனசு சரியில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் வயிறுதான் சரியில்லை.

அங்கேதான் அந்த இங்கிலீஷ் வாத்தியார் இருந்தார். நாம் அவருக்கு வைத்த பேர் துரை. கொளுத்துகிற வெயிலிலும் கறுப்புக் கோட்டு, அதிலிருந்து பாச்சை உருண்டை வாசனை. அவர் வருவதற்கு முன்னால் அது வகுப்புக்குள் வந்துவிடும். வகுப்பில் மறந்தும் ஒரு தமிழ் வார்த்தை பேச மாட்டார். யாராவது தமிழில் சந்தேகம் கேட்டால், ஈ ஓட்டுவது போலக் கையை ஆட்டி வெளியே போகச் சொல்வார். அவர் மெட்ராஸ்காரர் என்றும், வெள்ளைக்காரனிடமே படித்தவர் என்றும் பேச்சு. அவரும் அதை மறுத்துச் சொன்னதில்லை.

ஒரு நாள் 'என் தகப்பனார்' என்று காம்போசிஷன் எழுதச் சொன்னார். உன் நைனா பயிரிட்டது மல்லாட்டை. அதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று நீ யோசித்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். புத்தகத் தமிழில் அது நிலக்கடலை. வீட்டில் மல்லாட்டை. ஆனால் மண்டியில், கமிஷன் கடைப் பலகையில், கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிற இடத்திலெல்லாம் மணிலா. மணிலா பயிர், மணிலா மூட்டை, மணிலா எண்ணெய். நம் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. மல்லாட்டை பட்டிக்காட்டு வார்த்தை, மணிலாதான் இங்கிலீஷ் என்று நீ முடிவு செய்தாய். காதுக்கும் அது இங்கிலீஷ் மாதிரிதான் இருந்தது. என் தகப்பனார் எங்கள் நிலத்தில் மணிலா பயிரிடுகிறார் என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாய். எனக்குத் தோன்றியிருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். நான் என் அப்பாவுக்குப் பயிரே இல்லாமல் எழுதித் தப்பித்தேன்.

மறுநாள் துரை அதை வாசித்தார். முதலில் இங்கிலீஷில். யாருக்கும் புரியவில்லை, யாரும் சிரிக்கவில்லை. அது அவருக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே அன்று அவர் தமிழில் இறங்கினார். சுத்தமான மேடைத் தமிழில், "இந்த மாணவரின் தகப்பனார் மணிலா நகரத்தையே பயிரிடுகிறாராம். பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம் இவர்கள் கொல்லையில் விளைகிறது. ஆகவே இவர் பிலிப்பைன்ஸ் மகாராஜா. எழுந்து சலாம் போடுங்கள்" என்றார். வகுப்பு எழுந்து சலாம் போட்டது. நீயும் எழுந்தாய். உன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது உனக்கு உறைக்கவே கொஞ்சம் நேரமாயிற்று. அந்த முகத்தை நான் இன்றைக்கும் பார்க்கிறேன்.

ஒரு நாளோடு விட்டிருந்தால் நீ தாங்கியிருப்பாய். நாம் அடி வாங்காத பிள்ளைகள் இல்லை. ஆனால் அவர் அதைத் தினசரி வழக்கமாக்கிவிட்டார். நீ உள்ளே நுழைந்தால் வகுப்பு எழுந்திருக்க வேண்டும். பெஞ்சில் இடமிருந்தாலும் நீ அவர் மேஜைக்குப் பக்கத்தில் போட்ட தனி ஸ்டூலில் உட்கார வேண்டும். அது சிம்மாசனமாம். ரயிலிலும் அந்தப் பேர் பரவியது. "பிலிப்பைன்ஸ், எந்திரி, ஒலக்கூர் வந்துடிச்சி" என்று முன்பின் தெரியாதவன்கூடக் கத்துவான். நான் இரண்டு பேரை அடித்தேன். ஒருவனிடம் அடி வாங்கினேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து தொடைமேல் விரலால் எதையோ எழுதிக்கொண்டிருந்தாய். உற்றுப் பார்த்தேன். கிரவுண்ட்நட் என்ற வார்த்தைக்கு ஸ்பெல்லிங். திரும்பத் திரும்ப அதேதான்.

அதற்கப்புறம் நீ பேசுவதைக் குறைத்தாய். எதையாவது கேட்டால் வாயைத் திறப்பாய், மூடுவாய். சொல்லப் போகிற வார்த்தைக்கு இங்கிலீஷ் தெரிந்தால்தான் அதைத் தமிழிலும் சொல்வாய். தெரியாவிட்டால் சொல்ல மாட்டாய். தண்ணீர் கேட்பாய். சொம்பு கேட்க மாட்டாய். பிறகு அது சோற்றுக்கும் வந்தது. ஒரு நாள் உன் தங்கச்சி அஞ்சலை மூச்சிரைக்க என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணா, களிக்கு இங்கிலீஷ்ல இன்னா? ஜல்தி சொல்லு, ஆறிக்கினு கீது."

"இன்னாத்துக்குடி?"

"பேரு தெரிஞ்சாத்தான் துன்னுவானாம். நேத்து சோறு போட்டோம், ரைஸுன்னு சொல்லிக்கினே துன்னான். இன்னிக்கி களி. தட்ட தள்ளிட்டான். அம்மாக்கு ஒண்ணும் புரியல. களி நல்லா இல்லன்னு நெனச்சிக்கினு அழுவுது."

கேப்பைக் களிக்கு இங்கிலீஷில் எவன் பேர் வைத்தான்? நானே வைத்தேன். ராகி புட்டிங் என்று உன்னிடம் வந்து சொன்னேன். நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டாய். அன்றிலிருந்து அஞ்சலைக்கும் எனக்கும் அதே வேலை. முருங்கைக்கீரைக்கு ஒரு பேர், கருவாட்டுக் குழம்புக்கு ஒரு பேர், கம்பங்கூழுக்கு ஒரு பேர். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ கொஞ்ச நாள் சாப்பிட்டாய். ஒரு நாள் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாய். "புட்டிங்னா இனிப்பா இருக்கும்னு போட்டுக்கீது. நீயும் என்ன ஏமாத்திக்கினு கீற" என்றாய். உன் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதற்கப்புறம் நீ பேர் கேட்கவில்லை. தட்டை மட்டும் தள்ளினாய்.

ஊருக்கு ஒரே விளக்கம்தான். படித்துப் படித்துப் புத்தி பேதலித்துவிட்டது. மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், தலையில் எண்ணெய் தேய்த்தார்கள். கடைசியில் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். நல்ல மனிதர். உன்னிடம் வெகுநேரம் மெதுவாகப் பேசிப் பார்த்தார். பிறகு எங்களை வெளியே அழைத்து வந்து, "பேயுமில்ல, பித்தமுமில்ல. படிக்கிற புள்ளைங்களுக்கு மனசுல காய்ச்சல் வர்றது உண்டு. இதுக்குன்னு மெட்ராஸ்ல டாக்டருங்க இருக்காங்க. கூட்டிக்கினு போங்க" என்றார். உன் நைனா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். "கீழ்ப்பாக்கம்னு பேரு வந்துட்டா அஞ்சலைய யாருங்க கட்டுவான்?" என்றார். டாக்டர் என்னைத் தனியாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த வாத்தியாரே வந்து, நீ எழுதினது ஒண்ணும் கேவலமில்லன்னு இவங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். அவரு வாயால வந்தா இவன் காதுல ஏறும். அப்புறம் மெட்ராஸ் பேச்சு பேசலாம்" என்றார்.

ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்டு வாங்கத்தான் நான் அலைந்தேன். துரையின் வீடு மெட்ராஸில் இல்லை, கோலியனூரில் என்று டுட்டோரியல் பியூன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆடி மாசம். விதைக்காகப் பெண்கள் கும்பலாகக் களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் முண்டாசும் முட்டிக்கு மேலே ஏற்றிக் கட்டிய வேட்டியுமாக ஒருவர் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாடி, மணிலாவ ஒடைங்கடின்னா கத பேசிக்கினு கீறீங்க? வெரலு வலிக்குதாமே வெரலு! ஜல்தி ஆவட்டும், மானம் கறுத்துக்கினு வருது!"

அது துரை. என் காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. மணிலா. அவர் களத்தில், அவர் வாயில், நீ எழுதிய அதே வார்த்தை. அவருக்கு அது தெரியாமல் இல்லை. அவர் சாப்பிட்ட சோறு மணிலா போட்ட சோறு. நம் பக்கத்து ஆள், நம் பேச்சு, நம் பயிர். அதை ஒரு கோட்டுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, ஒளிக்கத் தெரியாத உன்னைப் பிடித்து நிற்கவைத்துச் சிரித்திருக்கிறார். கல்லை எடுத்து மண்டையில் போடலாமா என்று எனக்குத் தோன்றியது. உனக்காக அந்தக் கையைக் கூப்பினேன். நீ சாப்பிடாமல் கிடப்பதைச் சொன்னேன். ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கள் சார் என்று கெஞ்சினேன். காலில்கூட விழுந்தேன்.

என்னை அடையாளம் தெரிந்ததும் அவருக்குப் பேச்சு மாறிவிட்டது. முண்டாசை அவிழ்த்துவிட்டு இங்கிலீஷில் ஆரம்பித்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. சிரிப்புக்கே கலங்குகிற மண்டை காலேஜுக்கு ஆகாத மண்டை என்பது புரிந்தது. பலவீனமானவர்களை வடிகட்டத்தான் பரீட்சை இருக்கிறது என்பதும் புரிந்தது. அந்தப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, தங்கள் முதலாளி வேறு ஆளாகிவிட்டதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வரவில்லை.

செப்டம்பர் பரீட்சை முடிந்த கையோடு நீ போனாய். காய்ச்சல் என்றார்கள். சாப்பிடாமல் எலும்பாகிக் கிடந்த உடம்புக்குக் காய்ச்சல் ஒரு சாக்கு. நான் பாஸ் செய்தேன். வெறியோடு படித்தேன். பி.ஏ., பி.டி. எல்லாம் முடித்து இதே திண்டிவனத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக வந்தேன். அந்த மனிதனின் ஆயுதத்தைப் பிடுங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தப் படிப்பில் எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

ஆனால் உன் அம்மா, எனக்கு எப்போதும் பெரியம்மா. பெரியம்மாவிடம் நானும் அஞ்சலையும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அவன் சாப்பிடாததற்குக் காரணம் உன் சமையல் இல்லை, வாத்தியார் சிரித்தது என்று. நம்பவே மாட்டாள். "எனக்கு ஆறுதலு சொல்றீங்க. ஒரு வாத்தியாரு புள்ளைங்கள அப்படிப் பண்ணுவாரா? படிச்ச புள்ளைக்கி எங்கூட்டு களி அசிங்கமா பூடுச்சி. கடைசியா அவன் தள்ளிவுட்டது என் கையால போட்ட தட்ட. எனக்குத் தெரியாதா?" என்பாள். பத்து வருஷமாக அவள் யாருக்குச் சோறு போட்டாலும், அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடாவிட்டால் முகம் செத்துப்போகும். அவர் உன்னை மட்டும் கொல்லவில்லை. அவளையும் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தார்.

போன மாதம் துரைக்கு விழுப்புரத்தில் பாராட்டுக் கூட்டம். டுட்டோரியலிலிருந்து ஓய்வு பெறுகிறாராம். ஒரு ரைஸ் மில் களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே படித்து இங்கிலீஷ் வாத்தியாரான பெருமைக்காக என்னைப் பேச அழைத்தார்கள். நான் ஒரு பத்தி இங்கிலீஷில் பேசினேன். துரை கண்ணை மூடித் தலையாட்டி ரசித்தார். பிறகு பேச்சை மாற்றினேன்.

"ஐயா, இங்க மணிலா பயிர் வெச்சிக்கினு கீறவங்க எல்லாம் கொஞ்சம் கையத் தூக்குங்க."

கூட்டத்தில் பாதிப் பேர் விவசாயிகள், மீதி மண்டிக்காரர்கள். பந்தல் முழுக்கக் கை எழுந்தது.

"சாரு, பாத்துக்கோங்க. இவங்க அத்தினி பேரும் பிலிப்பைன்ஸ் மகாராஜாங்க. எந்திரிச்சி சலாம் போடுங்க."

ஏன் என்று தெரியாமலே கூட்டம் சிரித்தது. மேடைப் பழக்கத்தில் அவர் பாதி எழுந்தே விட்டார். அதைப் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

கூட்டம் கலைந்ததும் அவர் என்னிடம் வந்தார். திட்டுவார், மறுப்பார், ஒருவேளை மன்னிப்புக் கேட்பார். எல்லாவற்றுக்கும் பத்து வருஷமாகப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, வீட்டுப் பேச்சில், "யாரையோ மனசுல வெச்சிக்கினு பேசினே. யாருப்பா அந்தப் புள்ள?" என்று கேட்டார்.

அவருக்கு உன்னை ஞாபகமே இல்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ பேர் வைத்தவர். அதில் நீ ஒருவன். என் இனிப்பெல்லாம் அந்த இடத்திலேயே கசந்துவிட்டது. அவர் கையைப் பிடித்தேன். கொஞ்சம் அழுத்தித்தான் பிடித்தேன். "அந்தப் புள்ள இல்ல சார். அவன் அம்மா இருக்காங்க. நீங்க வந்து, நடந்ததச் சொல்லணும். அன்னிக்கி ஒரு வார்த்தைக்கி உங்க கால்ல வுழுந்தேன். இன்னிக்கி வரலன்னா இதே கதைய ஊர் ஊரா மேடை போட்டுச் சொல்லுவேன்" என்றேன். பயந்துவிட்டார். வர்றேன் என்றார்.

போன வாரம் அழைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் நடந்ததை ஒன்று விடாமல் அவருக்கு ஞாபகப்படுத்தினேன். அறுவடை சமயம் என்று அஞ்சலையும் புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். உன் நைனா நிலத்துக்குப் போயிருந்தார். உன் வாத்தியார் என்றதும் பெரியம்மா பதறிப்போய்ப் பாய் விரித்தாள், விழுந்து கும்பிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சோறு வடிக்க நேரமாவுங்க. களிதான் கீது. பெரிய மனசு பண்ணி சாப்புடணும்" என்று கெஞ்சினாள். அவர் உட்கார்ந்தார். களியைக் கிள்ளி, உருட்டி, கீரையில் புரட்டி, மெல்லாமல் விழுங்கினார். பிறந்ததிலிருந்து தின்ற கைக்குத்தான் அப்படி வரும். பெரியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ள நல்லா படிச்சானுங்களா?"

துரை என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். "வகுப்புலயே மொத புள்ளம்மா. தங்கமான புள்ள."

அவள் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "அப்ப படிப்பு ஒண்ணும் செய்யலிங்க. என் சோறுதான் அவனுக்கு ஆவாம பூடுச்சி."

அவர் சொல்ல வேண்டிய இடம் அது. நான் காத்திருந்தேன். அவர் இன்னொரு உருண்டையை உருட்டினார்.

"சார், சொல்லுங்க" என்றேன். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

உருண்டையைத் தட்டில் போட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "உன் சோறு இல்லம்மா. மணிலான்னு எழுதிப்புட்டான். நான் தெனம் அவன நிக்க வெச்சி சிரிச்சேன். இவன் அப்பவே வந்து கூப்புட்டான், நான் வரல" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வெளையாட்டுக்குத்தாம்மா சிரிச்சேன்" என்று சேர்த்தார்.

"வெளையாட்டுக்கா?" என்றாள் பெரியம்மா.

அவள் குனிந்தாள். பரிமாறத்தான் குனிகிறாள் என்று நினைத்தேன். அவர் முன்னாலிருந்த தட்டை இழுத்து எடுத்துக்கொண்டாள். நீ நன்றாகக் கேட்டுக்கொள். எதிரி வந்தாலும் சாப்பிட்டுப் போகச் சொல்கிறவள் உன் அம்மா. சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனுஷன் கைக்கு முன்னாலிருந்து, பாதியில், தட்டை எடுத்தாள். "எந்திரி" என்றாள். மரியாதைக்கு ஒரு 'ங்க' கூட இல்லை. அவர் எழுந்து, களி ஒட்டிய கையை நீட்டியபடி தண்ணீருக்காக நின்றார். அஞ்சலை சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே அசையாமல் நின்றாள். அவர் அந்தக் கையோடு தெருவில் இறங்கிப் போனார். பெரியம்மா வாசலுக்கு வந்து, அவர் கண்ணுக்கு முன்னாலேயே, மிச்சத்தை நாய்க்குக் கொட்டினாள்.

உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், "என் சோறு இல்லையாண்டி அஞ்சல" என்றாள். "இல்லம்மா" என்றாள் அஞ்சலை. அதற்கப்புறம்தான் பெரியம்மா உனக்காக அழுதாள். இத்தனை வருஷம் அவள் அழுததெல்லாம் தன் மேல் பழி போட்டுக்கொண்டு அழுதது. இது வேறு அழுகை.

வயதானவரை அப்படி அவமானப்படுத்தியிருக்க வேண்டாம் என்று ஊரில் சிலர் என்னிடம் சொல்கிறார்கள். கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு முறை வாய்த்தாலும் அழைத்துக்கொண்டுதான் போவேன். என் வகுப்பில் பையன்கள் தப்பு எழுதுகிறார்கள். நான் திருத்துகிறேன். யாராவது சிரித்தால் மட்டும் எனக்குக் கண் இருட்டிவிடும். அது அவர்களுக்குத் தெரியும். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் யாரையும் வேண்டிக்கொள்ளவும் இல்லை. உன்னைப் பார்த்துச் சிரித்த வாய் பாதிப் பசியோடு எழுந்து போனதை நான் பார்த்தேன், அஞ்சலை பார்த்தாள், உன் அம்மா பார்த்தாள். நீ பார்க்கவில்லை. அந்த ஒன்றுக்காக அவரை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.